விசா இழுபறிக்கு வழக்கு போடுவது எப்படி: கடலூர், புதுச்சேரிக் குடும்பங்களுக்கான வழிகாட்டி

நேர்காணல் முடிந்து ஒன்றரை வருடம், இரண்டு வருடம் பதிலே இல்லை என்றால் நம் பக்கத்தில் முதலில் வருகிற யோசனை, சென்னை உயர் நீதிமன்றத்தில் ஒரு ரிட் போட்டுப் பார்க்கலாமா என்பதுதான். அந்தப் பணத்தை மிச்சம் பிடியுங்கள். அமெரிக்க, பிரெஞ்சுத் துணைத் தூதரகங்கள் இந்திய அரசின் அலுவலகங்கள் அல்ல. அரசியலமைப்பின் 226-வது பிரிவைக் காட்டி அவற்றுக்கு உத்தரவு வாங்க முடியாது. சிவில் வழக்கு என்று போனாலும், வெளிநாட்டு அரசு மீது வழக்குத் தொடர மத்திய அரசின் எழுத்துபூர்வமான ஒப்புதல் வேண்டும் என்று உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 86-வது பிரிவு தடுத்து நிறுத்திவிடும். எந்த நாடு விசா தர வேண்டுமோ அந்த நாட்டு நீதிமன்றத்தில்தான் வழக்கு. அதற்காக நீங்கள் அந்த நாட்டுக்குப் போக வேண்டியதில்லை. காகித வேலையில் பாதிக்கு மேல் இங்கிருந்தே செய்து அனுப்பலாம்.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிட வேண்டும். அமெரிக்காவில் போடுகிற தாமத வழக்கு, “ஏதாவது ஒரு முடிவைச் சொல்” என்று அதிகாரியை நெருக்கும். “விசாவைக் கொடு” என்று சொல்லாது. கோப்பு பலவீனமாக இருந்தால் வழக்கின் பலன், தள்ளிப்போய்க்கொண்டிருந்த மறுப்பு சீக்கிரம் கைக்கு வருவதுதான். அதனால் வக்கீலைத் தேடுவதற்கு முன் கோப்பைத் திருப்பிப் பாருங்கள்.

வரிசையா, முடக்கமா?

வருடக்கணக்கில் காத்திருப்பதெல்லாம் சட்டத்தின் பார்வையில் தாமதம் ஆகாது. அமெரிக்கக் குடியுரிமை வாங்கிய அண்ணன் இங்குள்ள தம்பிக்கு மனு போட்டால் அது எஃப்4 வகை. இப்படிப்பட்ட குடும்ப முன்னுரிமை வகைகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஆண்டுக்குக் குறைந்தது 2,26,000 விசா. அதில் ஒரு நாட்டுக்கு 7 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. இந்தியர்களுக்கு இந்த வகையில் 15 ஆண்டுக்கு மேல் காத்திருப்பு என்பது அந்தக் கணக்கின் விளைவு. அமெரிக்க நாடாளுமன்றம் போட்ட வரிசையை நீதிபதி கலைக்க மாட்டார். மனு ரசீதில் உள்ள முன்னுரிமைத் தேதியை, அமெரிக்க வெளியுறவுத் துறை மாதாமாதம் போடுகிற விசா புல்லட்டினோடு ஒப்பிடுங்கள். உங்கள் தேதி இன்னும் வரவில்லை என்றால் வழக்குப் பேச்சே வேண்டாம். யாராவது “கேஸ் போட்டு முன்னால கொண்டு வர்றேன்” என்றால் அவர் உங்கள் காசுக்குத்தான் வழி பார்க்கிறார்.

குடியுரிமை பெற்றவரின் கணவன் அல்லது மனைவி, பெற்றோர், 21 வயதுக்குட்பட்ட திருமணமாகாத பிள்ளைகள் ஆகியோருக்கு எண்ணிக்கை வரம்பு கிடையாது. இவர்கள் கோப்பு நின்றால் அது நிஜமான தாமதம்தான். கிரீன் கார்டு மட்டும் வைத்திருப்பவரின் மனைவியோ கணவரோ என்றால் எஃப்2ஏ. அதற்கு வரிசை உண்டு.

அடுத்து, கோப்பு எந்த மேசையில் நிற்கிறது என்று பாருங்கள். உறவினருக்காக அமெரிக்காவில் இருப்பவர் போடுகிற ஐ-130 மனு முதலில் யு.எஸ்.சி.ஐ.எஸ். என்ற குடியேற்ற அலுவலகத்தில் இருக்கும். அங்கே மூன்று எழுத்தும் பத்து இலக்கமும் கொண்ட ரசீது எண். ஒப்புதல் ஆனதும் தேசிய விசா மையம், அதாவது என்.வி.சி., புது எண் கொடுக்கும். மும்பைக்குப் போகிற கோப்பென்றால் அது பி.எம்.பி. என்று தொடங்கும். ஆம், மும்பைதான். சென்னை அண்ணா சாலையில் உள்ள துணைத் தூதரகத்தில் மாணவர், வேலை, சுற்றுலா விசாக்கள் நடக்கும். இந்தியர்களின் குடியேற்ற விசா நேர்காணல் மும்பையில். தாமதமாகும்போது சென்னைக்கு மெயில் மேல் மெயில் போட்டுக்கொண்டிருப்பவர்கள் இதைத் தெரியாமல் காலத்தை விடுகிறார்கள்.

மேசையைப் பொறுத்து பிரதிவாதி மாறுகிறார், வழக்கின் பலமும் மாறுகிறது. ஐ-130 யு.எஸ்.சி.ஐ.எஸ்.-இல் கிடந்தால் பிரதிவாதி உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை. இதுவே எல்லாவற்றிலும் வலுவான வழக்கு. குடியேற்ற விண்ணப்பங்கள் 180 நாளில் முடிய வேண்டும் என்பது தங்கள் எண்ணம் என்று அமெரிக்க நாடாளுமன்றமே ஒரு சட்டத்தில் எழுதி வைத்திருக்கிறது. கட்டாயமில்லை, ஆனாலும் வாதத்துக்கு உதவும். நேர்காணல் தேதியே தராமல் நிறுத்தியிருந்தால் பிரதிவாதி வெளியுறவுத் துறை. நேர்காணலும் முடிந்து 221(ஜி) சீட்டோடு நிற்கிற வழக்குதான் இன்று கடினமானது.

அந்த 221(ஜி) சீட்டு

விண்ணப்பம் இன்னும் முடிவாகவில்லை என்பதற்கு அதிகாரி தருகிற சீட்டு இது. இணையத்தில் நிலை பார்த்தால் ‘மறுக்கப்பட்டது’ என்றே காட்டும். அதைப் பார்த்து இடிந்துபோக வேண்டாம். சீட்டை நிதானமாகப் படியுங்கள். ஏதாவது ஆவணம் கேட்டிருக்கிறார்களா, அல்லது ‘நிர்வாகப் பரிசீலனை’ என்று மட்டும் போட்டிருக்கிறார்களா? ஆவணம் கேட்டிருந்து நீங்கள் ஓராண்டுக்குள் கொடுக்கவில்லை என்றால் விண்ணப்பம் செத்துவிடும். மறுபடி கட்டணம் கட்டி முதலிலிருந்து தொடங்க வேண்டும். கேட்டதைக் கொடுக்காமல் வழக்குப் போட்டால் அரசு வக்கீலுக்கு ஒரே வரி போதும்: தாமதம் விண்ணப்பதாரருடையது.

நிர்வாகப் பரிசீலனை என்பது பெரும்பாலும் பாதுகாப்புச் சரிபார்ப்பு. இதில் தமிழ்ப் பெயர்கள் படுகிற பாடு தனி. நம் கோப்புகளில் அடிக்கடி பார்க்கக்கூடியது இது: பள்ளிச் சான்றிதழில் ‘ஆர். செந்தில்’, பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் அப்பா பெயர், பிறப்புச் சான்றிதழில் பெயரே இல்லாமல் ‘ஆண் குழந்தை’ என்று மட்டும், திருமணப் பதிவில் இன்னொரு எழுத்துக்கூட்டல். ஒரே ஆள் நான்கு ஆளாகத் தெரிகிறார். பிறப்புச் சான்றிதழில் பெயர் சேர்ப்பதை நகராட்சி, பேரூராட்சி அல்லது பிறப்புப் பதிவாளர் அலுவலகத்தில் முதலில் முடியுங்கள். மீதி வித்தியாசங்களுக்கு, எல்லா வடிவங்களும் ஒருவரையே குறிக்கின்றன என்று ஒரு பக்க உறுதிமொழியும், ஒவ்வொரு வடிவமும் எந்த ஆவணத்தில் இருக்கிறது என்ற சிறு அட்டவணையும் வையுங்கள். தமிழ் ஆவணங்களுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டும். மொழிபெயர்த்தவர் தனக்கு இரண்டு மொழியும் தெரியும், மொழிபெயர்ப்பு சரியானது என்று கையெழுத்திட வேண்டும்.

வழக்குக்கு முன் காகிதத்தில் இருக்க வேண்டியவை

நீதிமன்றம் முதலில் பார்ப்பது, நீங்கள் கேட்டுப் பார்த்தீர்களா என்பதை. என்.வி.சி.-யின் இணையப் படிவம் வழியாகவும், மும்பை துணைத் தூதரகத்துக்கு மின்னஞ்சலாகவும் கேளுங்கள். வாரத்துக்கு ஒரு மெயில் வேண்டாம். இரண்டு மூன்று மாத இடைவெளியில், ஒவ்வொன்றிலும் வழக்கு எண், பிறந்த தேதி, பாஸ்போர்ட் எண், கடைசியாக நடந்தது என்ன என்பது மட்டும் போதும். வருகிற பதில் யாருக்கும் பொருந்துகிற நாலு வரியாகத்தான் இருக்கும். அதையும் பிரிண்ட் எடுத்து வையுங்கள்; “பரிசீலனையில் உள்ளது” என்று அவர்களே எழுதியது பின்னால் பயன்படும்.

அமெரிக்காவில் உள்ள மனுதாரர் தன் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினர் அலுவலகத்திலும் செனட்டர் அலுவலகத்திலும் விசாரணை கேட்கலாம். காசு இல்லை. அந்த அலுவலகத்தின் தனியுரிமை ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வேண்டும். பல கோப்புகள் இந்த இடத்திலேயே நகர்ந்துவிடும் என்பதால் இதைத் தாண்டிப் போகாதீர்கள்.

பிறகு ஒரு காலவரிசைப் பக்கம். இடது பக்கம் தேதி, நடுவில் நடந்தது, வலது பக்கம் அதற்கான காகிதம். ஐ-130 ரசீது, ஒப்புதல், விண்ணப்பத்துக்கு 325 டாலரும், வருபவரைத் தாங்குவேன் என்று மனுதாரர் தரும் ஆதரவு உறுதிமொழிக்கு 120 டாலரும் கட்டிய நாள், ஆவணங்கள் முழுமை என்று என்.வி.சி. சொன்ன நாள், நேர்காணல், 221(ஜி), ஒவ்வொரு விசாரிப்பும் பதிலும். நல்ல வக்கீல் முதலில் கேட்பது இந்தப் பக்கத்தைத்தான்.

பாதிப்புக்கான சான்று தனி உறை. பிரிவால் வருத்தமாக இருக்கிறது என்பது எல்லாக் கோப்பிலும் இருக்கும். அதற்கு எடை குறைவு. மருத்துவமனை டிஸ்சார்ஜ் சுருக்கம், 21 வயதை நெருங்கும் பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ், இரண்டு வீட்டு வாடகை ரசீது, தனியாகக் குழந்தை வளர்ப்பவரின் வேலை நேரச் சான்று போன்றவைதான் நிற்கும்.

இங்கிருப்பவர் தரும் வாக்குமூலத்தைப் பற்றி ஒரு வார்த்தை. கடலூர் கோர்ட் பக்கம் போய் முத்திரைத்தாள் வாங்கி, நோட்டரியிடம் சீல் போட்டு, பிறகு அப்போஸ்டில் என்ற வெளிநாட்டு அங்கீகார முத்திரை வேண்டுமாமே என்று அலைகிறார்கள். எதுவும் தேவையில்லை. அமெரிக்கச் சட்டத் தொகுப்பு 28-இன் 1746-வது பிரிவுப்படி வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்திட்டாலே போதும். ஆனால் கடைசியில் ஒரு வாசகம் இருக்க வேண்டும்: மேலே சொன்னவை உண்மை என்று அமெரிக்க ஐக்கிய நாடுகளின் சட்டங்களின்படி, பொய்ச்சாட்சியத் தண்டனைக்கு உட்பட்டு உறுதியளிக்கிறேன். பிறகு தேதி, கையெழுத்து. அமெரிக்காவுக்கு வெளியே கையெழுத்திடுபவர் “அமெரிக்க ஐக்கிய நாடுகளின் சட்டங்களின்படி” என்ற பகுதியை விட்டுவிட்டால் வாக்குமூலம் தள்ளுபடியாகலாம். வாக்குமூலம் ஆங்கிலத்தில் இருக்க வேண்டும்; தருபவருக்குத் தமிழ் மட்டும் தெரியும் என்றால் தமிழில் எழுதி வாங்கி மொழிபெயர்ப்பை இணையுங்கள்.

எவ்வளவு காலம் ஆனால் போடலாம்?

இத்தனை மாதம் என்று எங்கேயும் எழுதப்படவில்லை. 1984-இல் வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒரு தொலைத்தொடர்பு வழக்கில் வகுத்த ஆறு அளவுகோல்களை, டிராக் அளவுகோல்கள் என்று இன்றும் எல்லா நீதிபதிகளும் எடுத்து வைக்கிறார்கள். முடிவெடுக்க ஏதாவது நியாயமான ஒழுங்கு இருக்கிறதா, சட்டம் கால அளவு சொல்கிறதா, மனித நலன் பாதிக்கப்படுகிறதா, உங்களை முன்னே இழுத்தால் மற்றவர் பின்னே போவார்களா என்று போகும் அந்தப் பட்டியல். நடைமுறையில் அதிகம் அடிபடுவது அந்தக் கடைசிக் கேள்வி. பொது வரிசையில் நேர்காணலுக்குக் காத்திருப்பவருக்கு அது எதிராக வேலை செய்யும். நேர்காணல் முடிந்து தனியே முடங்கிய கோப்புக்கு அவ்வளவாகப் பொருந்தாது. ஓராண்டுக்கும் குறைந்த தாமதத்துக்கு வழக்குப் போடுவது, எங்கள் கணிப்பில், கட்டணத்தைத் தண்ணீரில் விடுவது. இரண்டாண்டைத் தாண்டினால் பேச ஆரம்பிக்கலாம். நீதிபதி தீர்ப்பு எழுதுகிற அளவுக்குப் போனால் மூன்று, நான்கு ஆண்டுத் தாமதத்தைக்கூட ‘நியாயமற்றது அல்ல’ என்று சொன்ன தீர்ப்புகள் நிறைய. பின் ஏன் போடுகிறார்கள் என்றால், பல வழக்குகள் தீர்ப்புவரை போவதில்லை. அரசு வக்கீல் மேசைக்கு வந்ததும் கோப்பைத் தேடி எடுக்க ஆள் கிடைக்கிறார்.

எங்கே போடுவது என்பதும் முக்கியம். மனுதாரர் வசிக்கும் மாவட்டக் கூட்டாட்சி நீதிமன்றத்தில் போடலாம், அல்லது வாஷிங்டனில் போடலாம். முன்பு பலரும் வாஷிங்டனைத் தேர்ந்தெடுத்தார்கள். 2024 ஜூலையில் கரிமோவா எதிர் அபேட் வழக்கில் அங்குள்ள மேல்முறையீட்டு நீதிமன்றம், 221(ஜி) என்பதே ஒரு முடிவுதான், அதற்குப் பிறகு மறுபரிசீலனையை முடிக்கத் தெளிவான கடமை இல்லை என்றது. அதன் பிறகும் 221(ஜி) கோப்பை வாஷிங்டனில் போடச் சொல்கிற வக்கீலிடம் காரணம் கேளுங்கள். நியூ ஜெர்சி, டெக்சாஸ், கலிபோர்னியா என்று மனுதாரர் எங்கே இருக்கிறாரோ அந்தப் பகுதி மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் தீர்ப்புகளைப் பார்த்து முடிவெடுக்க வேண்டும்.

தாக்கல், சேர்ப்பித்தல், அறுபது நாள்

வாதி மனுதாரர், இங்குள்ள விண்ணப்பதாரரையும் வாதியாகச் சேர்க்கலாம். வக்கீல் இல்லாமலும் தாக்கல் செய்யலாம். ஆனால் தனக்காக மட்டுமே ஒருவர் வாதாட முடியும். கணவர் மனைவிக்காகக் கையெழுத்திட முடியாது, இருவரும் தனித்தனியே கையெழுத்திட வேண்டும். தாக்கல் கட்டணம் 405 டாலர். வக்கீல் கட்டணம் பெரும்பாலும் மொத்தத் தொகையாகச் சில ஆயிரம் டாலர் வரும். அது எதுவரைக்கும் என்று எழுத்தில் வாங்குங்கள்: வழக்கைத் தள்ளுபடி செய்யச் சொல்லி அரசு போடுகிற தள்ளுபடி மனுவுக்குப் பதில் எழுதுவதும் அதற்குள் அடங்குமா, அல்லது அதற்குத் தனி பில்லா? இதைக் கேட்காதவர்கள்தான் பாதியில் நிற்கிறார்கள். வக்கீலின் உரிமத்தை அவருடைய மாநில வழக்கறிஞர் மன்றத்தின் (பார்) இணையதளத்தில் பாருங்கள். அவர் அந்தக் குறிப்பிட்ட நீதிமன்றத்தில் சேர்க்கப்பட்டவரா என்பதையும் கேளுங்கள். நெல்லிக்குப்பத்திலோ விழுப்புரத்திலோ ‘தூதரகத்துல ஆள் இருக்கு’ என்கிற ஏஜென்ட் இந்த வேலை எதையும் செய்ய முடியாது.

சொந்தமாகப் போடுபவர்கள் தவறுகிற இடம், சம்மனைச் சேர்ப்பிப்பது. மூன்று இடத்துக்குப் போக வேண்டும்: அந்த மாவட்டத்தின் அமெரிக்க அரசு வக்கீல் அலுவலகம், வாஷிங்டனில் உள்ள அட்டர்னி ஜெனரல், பிறகு வழக்கில் பெயர் சொன்ன ஒவ்வொரு துறை அல்லது அதிகாரி. ஒன்றை விட்டாலும் சேர்ப்பிப்பு செல்லாது. தாக்கலிலிருந்து 90 நாளுக்குள் முடிக்க வேண்டும். வாதியே போய்க் கொடுக்கக் கூடாது. 18 வயது நிரம்பிய, வழக்கில் இல்லாத இன்னொருவர் கொடுக்க வேண்டும்.

அரசு வக்கீல் அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்த நாளிலிருந்து பதில் தர அரசுக்கு 60 நாள். இந்த 60 நாளில்தான் விஷயம் நடக்கும். ஒருநாள் மும்பையிலிருந்து மெயில் வரும்: புதிய மருத்துவப் பரிசோதனை, புதிய காவல்துறைச் சான்று, பாஸ்போர்ட்டை அனுப்புங்கள் என்று. அந்த மெயில் ஸ்பேமில் கிடந்தால் வழக்கு போட்டதே வீண். மருத்துவப் பரிசோதனை பொதுவாக ஆறு மாதம்தான் செல்லும் என்பதால் வழக்குப் போட்ட பிறகு, கேட்ட பிறகே செய்யுங்கள். முன்கூட்டி செய்து காலாவதியாக விடாதீர்கள். பாஸ்போர்ட் மட்டும் முன்பே புதுப்பித்து வையுங்கள். அரசு இன்னும் 30 நாள் அவகாசம் கேட்டால், கோப்பு நகர்கிறது என்று தெரிந்தால் சம்மதிக்கலாம். ஒன்றும் நகராமல் தள்ளுபடி மனு வந்தால் அங்கே வக்கீலின் திறமை வேலை செய்ய வேண்டும்.

வழக்குப் போட்டதற்காகப் பழிவாங்கி மறுப்பார்களா என்று எல்லோரும் கேட்பார்கள். மறுப்பதற்கு அதிகாரி சட்டப்படி ஒரு காரணம் காட்டியாக வேண்டும். அந்தக் காரணம் உங்கள் கோப்பில் ஏற்கெனவே இருந்தால்தான் பயம். ஆனால் மறுத்துவிட்டால், அதை எதிர்த்து நீதிமன்றம் போவது ஏறக்குறைய மூடிய பாதை. தூதரக அதிகாரியின் மறுப்பை நீதிமன்றங்கள் ஆராயாது என்ற கொள்கையை 2024-இல் முன்யோஸ் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் மறுபடி உறுதி செய்தது. பழைய விசா மீறல், முந்தைய திருமணம், தவறான தகவல் என்று ஏதாவது இருந்தால் அதை மறைக்காமல் முதலிலேயே வக்கீலிடம் சொல்லுங்கள்.

புதுச்சேரியிலிருந்து பிரான்சுக்கு

பிரெஞ்சு முறை தலைகீழ். அங்கே மௌனமே மறுப்பு. குறிப்பிட்ட காலம் கடந்தும் பதில் இல்லையென்றால் விண்ணப்பம் மறுக்கப்பட்டதாகச் சட்டம் எடுத்துக்கொள்ளும். அந்த ‘மறுப்பை’ எதிர்த்துத்தான் நீங்கள் போக வேண்டும். அதனால் பொறுமையாகக் காத்திருப்பவருக்கு இங்கே நஷ்டம். விண்ணப்ப மையத்தில் கொடுத்த ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். கடிகாரம் எப்போது ஓட ஆரம்பித்தது என்பதற்கு அதுதான் சாட்சி.

நீண்டகால விசா என்றால் முதல் படி நாந்த் நகரில் உள்ள விசா மறுப்பு மேல்முறையீட்டு ஆணையம். 2023 ஜனவரி 1 முதல் இதற்கு 30 நாள் மட்டுமே; முன்பு இருந்த இரண்டு மாதம் என்ற நினைப்பில் இருப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இந்தப் படியைத் தாண்டாமல் நீதிமன்றம் போனால் மனு ஏற்கப்படாது. கடிதம் பிரெஞ்சில், காரணங்களோடு, கையெழுத்தோடு; சர்வதேச ஸ்பீட் போஸ்டில் அனுப்பி டிராக்கிங் பக்கத்தைச் சேமித்து வையுங்கள். கையெழுத்தை மறந்து அனுப்பிய மனுக்கள் திரும்பி வந்திருக்கின்றன.

ஆணையம் இரண்டு மாதம் பேசாவிட்டால் அதுவும் மறுப்பு. அடுத்து நாந்த் நிர்வாக நீதிமன்றம். விசா வழக்குகள் எல்லாம் அங்கேதான், பாரிசில் இல்லை. அவகாசம் இரண்டு மாதம். வெளிநாட்டில் வசிப்பவருக்குக் கூடுதலாக இரண்டு மாதம் உண்டு. பிரான்சில் இருக்கும் கணவரோ மனைவியோ சேர்ந்து கையெழுத்திட்டால் அவருக்கு அந்தக் கூடுதல் கிடைக்காது. ஆகவே அதை நம்பாமல் முதல் இரண்டு மாதத்துக்குள்ளேயே போடுங்கள். வக்கீல் கட்டாயமில்லை. புதுச்சேரியில் இருந்தபடி போடுபவர் பிரான்சில் ஒரு முகவரியைத் தன் வழக்கு முகவரியாகத் தர வேண்டும். உறவினர் வீடு போதும்.

அமெரிக்காவில் கிடைக்காத ஒன்று இங்கே கிடைக்கும். நாந்த் நீதிபதி விசாவைக் கொடுக்கும்படியே உத்தரவிடலாம். அதிலும் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ளவரின் கணவன் அல்லது மனைவிக்கு நீண்டகால விசாவை மறுக்க, மோசடி, திருமணம் ரத்து, பொது ஒழுங்குக்கு ஆபத்து ஆகிய காரணங்கள் மட்டுமே செல்லும். அவசரம் இருந்தால் ஆணையத்துக்கு மனு போட்ட கையோடு, அதன் முடிவுக்குக் காத்திராமல், மறுப்பை இடைக்காலமாக நிறுத்திவைக்கக் கோரும் மனுவும் போடலாம். ஆணையத்துக்கு அனுப்பிய கடிதத்தின் நகலும் அஞ்சல் சான்றும் கட்டாயம் இணைக்க வேண்டும்.

பல நேரங்களில் நிற்பது விசா அல்ல, திருமணப் பதிவு. புதுச்சேரியில் கோயிலிலோ மண்டபத்திலோ கல்யாணம் முடித்துப் பதிவு செய்த பின், அதைப் பிரெஞ்சுப் பதிவேட்டில் ஏற்றாமல் துணைவர் விசா நகராது. கல்யாணத்துக்கு முன்பே துணைத் தூதரகத்தில் திருமணத் தகுதிச் சான்று வாங்கியிருந்தால் இது சுலபம். வாங்காதவர்களின் கோப்பு சந்தேகத்தின் பேரில் நாந்த் அரசு வழக்கறிஞருக்குப் போகலாம். அவர் ஆறு மாதம் ஒன்றும் சொல்லாவிட்டால் நேரே நாந்த் நீதித்துறை நீதிமன்றத்துக்குப் போகலாம். நிர்வாக நீதிமன்றம் வேறு, இது வேறு. தவறான நீதிமன்றத்தில் போட்டு மாதங்களை இழக்காதீர்கள்.

கனடா பற்றிச் சுருக்கமாக

அங்கே கூட்டாட்சி நீதிமன்றம்; தாக்கல் கட்டணம் 50 கனடா டாலர். முதலில் நீதிமன்றத்தின் அனுமதி வாங்க வேண்டும், பிறகுதான் விசாரணை. அதற்கு முன் 5 டாலர் கட்டி, கனடாவில் இருக்கும் ஒருவர் வழியாக, உங்கள் கோப்பில் அதிகாரி எழுதிய குறிப்புகளை வாங்கிப் பாருங்கள். எந்தச் சரிபார்ப்பில் நிற்கிறது என்று அதிலேயே தெரியும். சில சமயம் நீங்கள் அனுப்பியதாக நினைத்த ஆவணம் போய்ச் சேரவே இல்லை என்பதும் தெரியும்.

முடிவு வந்த பிறகு

அமெரிக்க விசா ஒட்டிய பாஸ்போர்ட் கையில் வந்ததும் வக்கீல் வழக்கைத் திரும்பப் பெறுவார். அவசரப்பட்டு அதற்கு முன்பே ‘ஒப்புதல் ஆகிவிட்டது’ என்ற மெயிலை நம்பித் திரும்பப் பெறாதீர்கள். விசாவில் பெயர், பிறந்த தேதி, வகை மூன்றையும் அன்றே சரிபாருங்கள். பிழை இருந்தால் விமானம் ஏறும் முன் திருத்துவதுதான் எளிது. விசா செல்லும் நாள் மருத்துவப் பரிசோதனைத் தேதியோடு கட்டுண்டது என்பதால் ஆறு மாதத்துக்குக் குறைவாகவே இருக்கக்கூடும், அதைப் பார்த்து டிக்கெட் போடுங்கள். 235 டாலர் குடியேற்றக் கட்டணத்தைக் கிளம்பும் முன் இணையத்தில் கட்டிவிட்டால், கிரீன் கார்டு அங்கே வீட்டு முகவரிக்குத் தபாலில் வந்துவிடும்.